தாவர உணவோடு ஐந்து ஆண்டுகள்: ஹட்டனிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

2020ஆம் ஆண்டு புரட்டாசி விரதத்தை வழக்கம்போல முடித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சமைக்கலாம் என்றிருந்தேன். அந்த வாரத்தில்தான் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவிய செய்தி வந்தது. சந்தை மூடப்பட்டது, எங்கள் பக்கத்துக்கு மீன் வருவது நின்றது, மீன் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் ஒதுங்கினார்கள். அந்தப் பதற்றத்தில் கோழிக் கடைக்குப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. விரதத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினால்தான் என்ன என்று எண்ணித் தொடங்கியது, இந்த ஐப்பசியோடு ஐந்து ஆண்டுகளாகிவிட்டது. முட்டையை 2021இல் விட்டேன். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய மாதங்களில் பாலும் தானாகவே நின்றுபோனது. கோயில் பொங்கலில் விழும் நெய்யை மட்டும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. இறைச்சியை விடுவது பெரிய தவம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இறைச்சி என்பது சம்பள நாளுக்கும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் உரிய சமையலாகவே இருந்தது. அன்றாடம் நாக்கில் இருந்தவை நெத்தலிக் கருவாடும், காய்ந்த சூரை மீனான மாசியும். ஆட்டுக்கறியின் நினைவு ஆறு மாதத்தில் மங்கிவிட்டது. மழை பெய்யும் மாலையில் பக்கத்து வீட்டில் கருவாடு பொரியும் வாசனையோ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை அடுப்படிக் கதவு வரை இழுத்துச் செல்கிறது.

வெளியில் சாப்பிடுவதில் உள்ள சிக்கலுக்கும் மாசியே காரணம். பாடசாலைக்கு அருகிலுள்ள கடையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் வாங்கிப் பல மாதங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தேன். ஒருநாள் சம்பலில் கருஞ்சிவப்பாக ஏதோ துகள் தென்பட, என்னவென்று கேட்டேன். கடைக்காரர் சிறிதும் தயங்காமல், "அது மீன் இல்லீங்க டீச்சர், மாசிதானே!" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அவருடைய அகராதியில் மாசி, உப்பு மிளகாயோடு சேர்ந்த பொருள். அன்றிலிருந்து சம்பலில் மட்டுமல்லாமல், பருப்பிலும் மாசியோ நெத்தலியோ சேர்ந்திருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்கிறேன். சோயாமீட் வாங்கும்போதும் உறையின் பின்பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. கோழிச் சுவை, மீன் சுவை என்று விற்பவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது முன்பக்கப் படத்திலிருந்து தெரிவதில்லை.

இனி, என்னுடைய பெரிய தவற்றைச் சொல்ல வேண்டும். ஓராண்டு முடிவில் இரத்தப் பரிசோதனை செய்தபோது கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு 92இலிருந்து 113 ஆக ஏறியிருந்தது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவளுக்குச் சீனி ஏறுமா என்று நான் வைத்தியரிடம் ஏறக்குறைய சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக, "கோழி இருந்த இடத்தில் இப்போது என்ன வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் விடை புரிந்தது. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் ஒரு மலைச் சோறு, அதற்குத் துணையாக உருளைக்கிழங்குக் கறி, இரவில் மறுபடியும் ரொட்டி. இடையில், அகப்பையால் துழாவினாலும் பருப்பு அகப்படாத ஒரு பருப்புக் குழம்பு. கவிச்சியை எடுத்த இடத்தில் நான் மாவை நிரப்பியிருந்தேன். லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சாப்பிட்டதற்கு வெட்கப்பட்டாலும், 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டு விளைச்சல் குறைந்த அந்தக் காலத்தில், விளைகிற இடத்திலேயே மரக்கறியின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வளர்ந்தவர்களுக்கான பொதுக் கணக்கு. 58 கிலோ எடையுள்ள எனக்கு ஏறத்தாழ 46 கிராம் வேண்டும். 100 கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பில் 24 கிராம் அளவிலும் கொண்டைக்கடலையில் 20 கிராம் அளவிலும் புரதம் இருக்கிறது. எனவே கடலை, பயறு, கௌபி ஆகியவற்றை மாற்றி மாற்றி நாள்தோறும் ஒரு வேளையின் முதன்மை உணவாக்கினேன், சோற்றைப் பாதியாக்கினேன். எட்டு மாதங்களில் சீனி 97க்கு இறங்கியது.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த மாற்றத்தை எங்கள் மலை எளிதில் அனுமதிப்பதில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே நீர் ஏறத்தாழ 96 பாகையிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலுமே கொதித்துவிடுகிறது. பானை தளதளவென்று கொதிக்கும், உள்ளே கடலையோ பல்லுக்குக் கல்லாகவே இருக்கும். கொழும்பில் இருக்கும் என் தங்கை சொன்ன நேரக்கணக்கை நம்பி முதல் சில தடவை அரைவேக்காட்டுக் கடலையைத் தின்று வயிற்று உப்புசத்தால் அவதிப்பட்டேன். பிறகுதான் பிரஷர் குக்கர் வாங்கினேன்; இந்த ஐந்து ஆண்டுகளில் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது அதுதான். குளிரில் ஊறுவதும் மெதுவாகவே நடக்கும் என்பதால், இரவில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பாத்திரத்தை அடுப்புக்கல்லின் ஓரத்தில் வைக்கிறேன். முளைகட்டிய பயறுக்கு மார்கழியில் இரண்டு நாட்களாவது ஆகும். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் குக்கரை விறகடுப்பில் ஏற்றி அதன் அடியைக் கரியாக்கினேன்; அந்தக் கறை இன்னும் போகவில்லை.

இரும்புச்சத்துக் குறைபாடு நான் எதிர்பார்த்ததுதான். ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தது; பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை என்கிறார்கள். நான் பொன்னாங்காணியும் வல்லாரையும் முருங்கைக்கீரையும் குறைவில்லாமல் சாப்பிட்டு வந்தவள். குற்றவாளி கீரைக்குப் பக்கத்திலேயே கோப்பையில் இருந்தது. தாவரங்களிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. நாங்களோ தேயிலையைக் கிள்ளுகிற ஊரில், ரொட்டியின் ஒவ்வொரு கடிக்கும் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள். சில மாதங்கள் மாத்திரை எடுத்தேன். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டேன். கீரையில் எலுமிச்சம்புளி பிழிந்தேன். இப்போது 12.3 இருக்கிறது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லோரும் பிளேன்டீ ஊற்றும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

எதிர்பாராதது பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடு. 2024இன் தொடக்கத்தில் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு வந்தது. நின்று பாடம் நடத்துவதால் வந்த களைப்பு என்று மூன்று மாதங்களைக் கழித்தேன். நம்பத்தக்க அளவில் இந்தச் சத்து எந்தத் தாவரத்திலும் இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், குறைபாடு தாமதமாகவே தலைகாட்டும். பரம்பரைச் சைவர்களைப் பார்த்து நமக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பாலும் தயிரும் இருந்ததை மறந்துவிட்டேன். நாளொன்றுக்குத் தேவையானது 2.4 மைக்ரோகிராம் மட்டுமே, ஆனால் அந்தத் துளியை எந்தக் கீரையாலும் ஈடுசெய்ய முடியாது. முதலில் ஊசி, பிறகு மாத்திரை என்று சரியாகியது. இடது பெருவிரலில் மட்டும் சற்று மரத்த உணர்வு தங்கிவிட்டது. பாலையும் விடப் போகிறவர்கள் அந்த நாளிலேயே மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் பேசிவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

செலவு குறையும் என்று யாராவது சொன்னால் பாதி நம்பலாம். ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய நாட்களில் பால்கறியும் சம்பலும் கோழிக்கறியோடு போட்டி போட்டன. பிஞ்சுப் பலாவும் பலாக்கொட்டையும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பருவத்தில்தான் கை சற்றுத் தளர்கிறது.

உறவினர்களைப் பொறுத்தவரை, தோட்டத்து முனியாண்டி கோயில் கிடாவெட்டில் பங்கு வாங்காததை அண்ணன் இரண்டு ஆண்டுகள் மனதில் வைத்திருந்தார். அம்மா, "சாமி கோவிச்சுக்காதும்மா, சொந்தக்காரங்கதான் கோவிச்சுக்குவாங்க" என்றார். தீபாவளிக்கு எனக்கென்று தனிச் சட்டியில் பிஞ்சுப் பலாவை, அதே கறி மசாலாவில், அதே நேரம் வேகவைத்து இறக்குபவரும் அவர்தான். கடந்த தீபாவளியன்று அந்தச் சட்டி ஆட்டுக்கறிக்கு முன்பே காலியாகியிருந்தது; எனக்குக் கிடைத்தது இரண்டு துண்டு.

பாடசாலைப் பக்கத்துக் கடைக்காரர் இப்போது மாசியை இடிப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் சம்பலைத் தனியாக எடுத்து வைக்கிறார். புரட்டாசியில் அதற்கு வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. மாசி போடாத சம்பலுக்கும் மாசி போட்ட விலையையே வாங்குகிறாரே என்று கேட்டால், தனியாக இடிக்கிற வேலைக்கு யார் காசு கொடுப்பது என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் தீரவில்லை.