49-ம் 601-ம்: அப்பாவு, நயினார் – யாருக்கு சொந்த ஓட்டு அதிகம்?

2016 மே 19. தமிழ்நாட்டில் அதிமுக மறுபடி ஆட்சியைப் பிடித்த நாள். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இரண்டு பெரிய ஆட்கள் மயிரிழையில் தோற்றார்கள். ராதாபுரத்தில் திமுகவின் மு. அப்பாவு, 49 வாக்கில். திருநெல்வேலியில் அதிமுகவின் நயினார் நாகேந்திரன், 601 வாக்கில். முன்னவர் கோர்ட்டுக்குப் போனார். பின்னவர் அடுத்த வருஷமே கட்சி மாறினார். 2021-ல் இரண்டு பேரும் அதே தொகுதியில், அதே எதிராளியைத் தோற்கடித்துத் திரும்பி வந்தார்கள். ஒருவர் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்; மற்றவர் எதிரே பாஜக சட்டமன்றக் குழுத் தலைவராக உட்கார்ந்தார்.

நியாயம் கேட்டுப் போராடியவர் ஒருவர், தாவியவர் ஒருவர் என்று இந்தக் கதையை ஊரில் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்பாவுவும் மூன்று அடையாளத்தில் ஜெயித்தவர்தான். அதனால் கட்சி விசுவாசத்தை ஓரமாக வைத்துவிட்டு, நெல்லைச் சீமையில் தேர்தல் பேசுகிறவர்கள் உண்மையில் மல்லுக்கட்டும் கேள்விக்கே வருவோம். சின்னம் எதுவானாலும் அந்த ஆளுக்கென்றே விழும் ஓட்டு, அதாவது சொந்த ஓட்டு, யாருக்கு அதிகம்?

முதலில் அப்பாவு. லெப்பைக்குடியிருப்புக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1996-ல் தமாகா, அதாவது மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக ராதாபுரத்தில் வென்றார். அது மூப்பனாரும் கருணாநிதியும் கைகோத்த வருஷம். தமிழ்நாடு முழுக்க ஜெயலலிதாவுக்கு எதிராக அலை அடித்தது. அந்த வெற்றியை வைத்து ஆளை எடை போட முடியாது. எடை போட வேண்டியது 2001-ஐத்தான். தமாகா அந்தத் தடவை அதிமுக அணிக்குப் போனது. அப்பாவு கட்சி வேட்பாளராக இல்லாமல் சுயேச்சையாக நின்றார், ஜெயித்தும் விட்டார். சுயேச்சைக்கு என்ன சின்னம் என்பதே வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும். அப்புறம் இருப்பது ரெண்டு வாரம் சொச்சம். அதற்குள் உவரி, இடிந்தகரை கடற்கரையிலிருந்து வள்ளியூர், பணகுடி வரை வீடு வீடாக அந்தச் சின்னத்தைப் பழக்க வேண்டும். பூத் ஏஜென்டையும் தானே தேட வேண்டும். இரண்டு பெரிய அணிகளும் களத்தில் இருக்கும்போது ஒரு சுயேச்சை அதைச் செய்து காட்டுவது தமிழ்நாட்டில் எப்போதாவது நடப்பது.

2006-ல் திமுக வேட்பாளராக மூன்றாவது வெற்றி. 2011-ல் திமுக கூட்டணி ராதாபுரத்தைக் காங்கிரஸுக்குக் கொடுத்துவிட்டது. தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். அந்த ஐந்து வருஷம் அப்பாவு சட்டமன்றத்துக்கு வெளியேதான்.

பிறகு 2016. அதிமுகவின் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. "49 ஓட்டுன்னா கல்யாண வீட்டுல ஒரு பந்திக்குக் காணாது வே" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் சண்டை தபால் ஓட்டில் மையம் கொண்டது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர், அரசு ஊழியர்களின் தபால் ஓட்டு இரண்டு கவராக வரும். உள் கவரில் வாக்குச்சீட்டு. அதோடு 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம், அதில் வாக்காளர் கையெழுத்து, அதற்குச் சான்றாக ஓர் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும். எண்ணும் மேஜையில் முதலில் பார்ப்பது இந்தப் படிவத்தைத்தான். சான்றொப்பம் சரியில்லை என்று முடிவெடுத்தால் உள் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். அந்த ஓட்டு யாருக்கு விழுந்தது என்பது கவருக்குள்ளேயே கிடக்கும். ராதாபுரத்தில் அப்படி ஒதுக்கியவை 203. சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது காரணம். வாத்தியாராக இருந்த ஒரு வேட்பாளருக்கு வாத்தியார்களின் கையெழுத்தே வழக்காகிப் போனது.

தேர்தல் வழக்கை 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. இந்த வழக்கில் உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லும்; அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணியாகிவிட்டது, சொல்லக் கூடாது! அப்படியே அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் தீர்ந்தது. இன்பதுரை முழுக் காலமும் எம்எல்ஏவாக இருந்து முடித்தார். ஆக, கோர்ட் வழி அப்பாவுவுக்குப் பதவியைத் தரவில்லை. ஐந்து வருஷமும் அவர் பெயர் தொகுதியில் அடிபட்டுக்கொண்டே இருந்ததுதான் லாபம். அதுவும் சின்ன லாபமில்லை.

இனி நயினார். பணகுடிப் பக்கத்துக்காரர், அதாவது சொந்த ஊர் கிடப்பது அப்பாவுவின் தொகுதியில். ஆனால் அரசியல் செய்தது டவுன், ஜங்ஷன், பேட்டை, மானூர் அடங்கிய திருநெல்வேலி தொகுதியில். 2001-ல் முதல் வெற்றி, அதிமுக மாநிலத்தையே சுருட்டி வாரிய அந்த வருஷத்திலும் 700 சொச்சம் ஓட்டில்தான். உடனே அமைச்சர், மின்சாரம், தொழில், போக்குவரத்து என்று துறைகள் கைமாறின. 2006-ல் திமுகவின் மாலைராஜாவிடம் 606 ஓட்டில் தோல்வி. 2011-ல் ஏ.எல்.எஸ். லட்சுமணனை 38,491 வித்தியாசத்தில் வென்றார். 2016-ல் அதே லட்சுமணனிடம் 601-ல் தோற்றார்: 81,761-க்கு 81,160.

2016 வரை நாலு சட்டமன்றத் தேர்தல், அதில் மூன்றின் வித்தியாசம் ஆயிரம் ஓட்டுக்குள். பத்து வருஷ இடைவெளியில் 606, 601 என்று ஒரே அளவில் இரண்டு அடி. சின்னம் எவ்வளவு கொண்டுவந்ததோ அவ்வளவுதான், மேலே ஆள் சேர்த்தது கொஞ்சம் என்று 2016 வரைக்கும் யாராவது சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஜெயலலிதா மறைந்த மறுவருஷம், 2017 ஆகஸ்டில், அவர் பாஜகவில் சேர்ந்தபோது பலரும் போட்ட கணக்கும் இதுதான்: இரட்டை இலை போனால் ஆளும் போச்சு. 2019-ல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கு அனுப்பப்பட்டு நவாஸ் கனியிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் தோற்றதும், பார்த்தீர்களா என்றார்கள். அங்கே அவர் வெளியூர்க்காரர். அந்தத் தோல்வியை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

2021-தான் இரண்டு பேருக்கும் பொதுவான பரீட்சை. மாநிலத்தில் காற்று திமுக பக்கம். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406, வித்தியாசம் 5,925. நயினார் 92,282, லட்சுமணன் 69,175, வித்தியாசம் 23,107. அப்பாவுவுக்கு ஏறக்குறைய 12,800 ஓட்டு கூடியது. கூடவே இன்பதுரைக்கும் 6,800 கூடியது. திருநெல்வேலியில் நயினாருக்கு 11,000 கூடியது. லட்சுமணனுக்கோ 12,500 குறைந்தது. திமுக ஆட்சிக்கு வந்த தேர்தலில் திமுக வேட்பாளருக்கு ஓட்டு குறைந்திருக்கிறது. அதுவும் அந்தத் தொகுதியில் தாமரைச் சின்னத்துக்கு எதிராக. அதிமுக கூட்டணியில் நின்றார், இலை ஓட்டு அப்படியே விழுந்தது என்பது உண்மைதான். ஆனால் இலை ஓட்டு மட்டும் என்றால் 2016 கணக்கே திரும்பியிருக்க வேண்டும். லட்சுமணன் பக்கம் இருந்து அத்தனை பேர் நகர்ந்திருக்க மாட்டார்கள். பாஜக அந்தத் தேர்தலில் மொத்தம் ஜெயித்த நாலு இடங்களில் இது ஒன்று.

2024 மக்களவைத் தேர்தலில் அதிமுக தனி, பாஜக தனி. திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் ராதாபுரமும் வருவதால் நயினார் அந்தத் தடவை அப்பாவுவின் வாசலிலும், தன் சொந்த ஊரிலும் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. காங்கிரஸின் ராபர்ட் புரூஸிடம் 1,65,620 வித்தியாசத்தில் தோற்றார். தோல்வி தோல்விதான். ஆனாலும் 3,36,676 ஓட்டு வாங்கி, தான் விட்டுவந்த அதிமுகவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 56,000. ஜெயிக்கப் போதாது, கூட்டணி பேசப் போதும். அப்படியே ஆயிற்று: 2025 ஏப்ரலில் அவர் பாஜக மாநிலத் தலைவரான அதே நேரத்தில் அதிமுகவோடு கூட்டணியும் அறிவிக்கப்பட்டது.

பேரவைத் தலைவர் பதவி அப்பாவுவைத் தொகுதிக்கு வெளியேயும் தெரிந்த ஆளாக்கியது. ஆளுநர் உரை விவகாரங்களில் நாடே அவர் குரலைக் கேட்டது. 2024 பிப்ரவரியில் ஆளுநர் ஆர்.என். ரவி உரையைச் சில வரிகளோடு நிறுத்திக்கொள்ள, தமிழில் முழு உரையையும் வாசித்தவர் இவர். ராதாபுரத்தில் இதற்கு ஓட்டு விழுமா என்று கேட்டால், விழாது என்பேன். அங்கே கணக்கில் வருவது தண்ணீர். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட காட்டுக்குத் தாமிரபரணி வெள்ளத்தைத் திருப்பும் கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009-ல் தொடங்கி ஆட்சிக்கு ஆட்சி இழுத்தடித்தது. அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் அந்தப் பக்கத்துக் குளம் பெருகும்.

சரி, யாருக்குச் சொந்த ஓட்டு அதிகம்? இன்றைக்குத் தேதியில் நயினாருக்கு என்பது என் வாதம். காற்றுக்கு எதிராக எதிராளியின் ஓட்டைக் கரைத்தவர் அவர். அப்பாவு காற்றோடு போயும் ஆறாயிரத்துக்குள்தான் ஜெயித்தார். ஆனால் எந்த அணியும் இல்லாமல், புதுச் சின்னத்தோடு, தனியாளாக நில் என்றால்? 2001-ல் அதைச் செய்தவர் அப்பாவு. நயினார் சட்டமன்றத் தேர்தலில் அந்தப் பரீட்சையை இதுவரை எழுதவில்லை. மாநிலத் தலைவராகிவிட்டதால் இனி எழுதவும் மாட்டார். இன்பதுரை? 49 ஓட்டில் ஜெயித்து, ஆறாயிரத்தில் தோற்று, 2025-ல் ஓட்டுப்பதிவே இல்லாமல் மாநிலங்களவைக்குப் போய்விட்டார்.