ஹாம்பர்க் துறைமுகம்: எதில் ஏறிப் பார்ப்பது?

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு நாள்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், அதைத் துறைமுகத்துக்கே கொடுத்துவிடலாம். எதில் ஏறிப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். அதே துறையிலிருந்து 62ஆம் எண் ஃபெரியும் கிளம்புகிறது. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகு அது. பஸ், மெட்ரோவுக்கு எடுத்த டிக்கெட்டே செல்லும். நடுவில் நொய்மூலனில் இறங்கினால் ஆற்றோர மணல். அங்கே காலை நீட்டி உட்கார்ந்தால், எதிர்க்கரைக் கிரேன்கள் கண்டெய்னர்களைத் தூக்குவதும் அடுக்குவதுமாக இருப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம். கப்பல் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் என் ஓட்டு இதற்கே.

ஆனால் ஃபெரி, ஷ்பைஹெர்ஷ்டாட் என்ற பழைய கிடங்குப் பகுதியின் கால்வாய்களுக்குள் நுழையாது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செங்கல்லால் கட்டிய அந்தக் கிடங்குகளைத் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்க்க, பார்காஸ் என்ற தாழ்வான சிறு படகுதான் வேண்டும். கடல் வெகுதூரத்தில் இருந்தாலும் எல்பே ஆற்றில் ஓதம் உண்டு. தண்ணீர் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றினால் படகு தரைதட்டும், ஏறினால் பாலத்தடியில் புக முடியாது. அதனால் காசு கொடுக்குமுன், இந்த நேரத்தில் கிடங்குப் பக்கம் போகுமா என்று கேட்டுவிடுங்கள். போகாது என்றால் பாலங்களின் மேல் நடந்தே பார்க்கலாம், குறையொன்றுமில்லை.

அப்புறம், உயரத்திலிருந்து பார்ப்பது. பழைய கிடங்கின் தலையில் கண்ணாடி அலையாக நிற்கும் எல்ப்ஃபில்ஹார்மொனி இசையரங்கம் 2017இல் திறந்தது. 80 கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிய கட்டடம். ப்ளாசா என்ற அதன் பார்வை மாடம் 37 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளைந்தேறும் நீள எஸ்கலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கூட்டம்தான் தாங்காது. மிஹெல் தேவாலயக் கோபுரமோ 132 மீட்டர். கட்டணம் உண்டு, படியேறப் பயந்தால் லிஃப்டும் உண்டு. துறைமுகம், ஏரி, எல்ப்ஃபில்ஹார்மொனி எல்லாம் ஒரே வீச்சில் தெரியும். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். குல்லா எடுத்துப் போங்கள். இரண்டில் ஒன்றென்றால் மிஹெல்தான்.

மழை பிடித்துக்கொண்டால் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சி இருக்கிறது. முன்பதிவில்லாமல் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும். அதற்கு 1911இல் திறந்த எல்பே சுரங்கப்பாதை தேவலை: நடந்து போகக் காசில்லை, 426 மீட்டர்தான், மறுகரையில் ஏறினால் முழு ஊரும் எதிரே.