ஐப்பசி இடிக்கு எந்த டிரைவர் தாங்கும்?

பழுதான பல்பு கைக்கு வந்ததும் வெள்ளைக் கப்பை நெம்பித் திறந்து பார்ப்பது என் பழக்கம். அலுமினியத் தட்டில் வட்டமாக எல்.இ.டி.கள் உட்கார்ந்திருக்கும். அதில் ஏதோ ஒன்றின் மஞ்சள் முகத்தில் கடுகளவு கரும்புள்ளி. "அதை மட்டும் ஷார்ட் பண்ணிக் கொடுங்க அண்ணே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார்கள். செய்து கொடுத்தால் எரியும். எத்தனை நாள் எரியும் என்பது உள்ளே இருக்கும் டிரைவரை, அதாவது லைன் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டைப் பொறுத்தது.

குமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இடி சித்திரையிலேயே ஆரம்பித்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று. தென்னை மட்டை விழுந்து கம்பி அறுவதோ எல்லா ஊரிலும் நடப்பது. அதனால் டிரைவர்களை ஒப்பிடும்போது திறன் எத்தனை சதவீதம் என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்படிச் சாகும், சாகும்போது தொட்டவருக்கு ஷாக் அடிக்குமா என்றுதான் கேட்பேன்.

கெபாசிட்டர் டிராப்பரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லைனில் தொடராக ஒரு எக்ஸ் வகைக் கண்டன்சர் (கெபாசிட்டரைத்தான் இப்படிச் சொல்கிறோம்), அப்புறம் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஒரு பிரிட்ஜ், அவ்வளவுதான் சர்க்யூட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோபாரட் போட்டால் 70 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் ஓடும். வோல்டேஜ் ஏறினால் கரண்டும் ஏறும், தடுக்க ஆளில்லை. குருசடியில் எரியும் சீரோ வாட்ஸ் பல்புக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டு பல்புகளில் உண்மையான போட்டி லீனியர் ஐ.சி.க்கும் பக் கன்வெர்ட்டருக்கும்தான்.

லீனியர் வகையில் டிரைவரும் எல்.இ.டி.யும் ஒரே தட்டில் இருக்கும். காயில் இல்லை, மலிவு, ரேடியோ இரைச்சலும் இல்லை. ஆனால் ஐ.சி. செய்வது ஒன்றுதான்: மிச்ச வோல்டேஜைச் சூடாக்கித் தொலைப்பது. ஒரு கணக்குப் போடுவோம். எல்.இ.டி. சரம் 250 வோல்ட், கரண்ட் 36 மில்லி ஆம்பியர், அதாவது 9 வாட். லைனில் 230 இருந்தால் பிரிட்ஜுக்குப் பிறகு சராசரியாக 310 வோல்ட் டி.சி. கிடைக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 60 வோல்ட், ஐ.சி.யில் சுமார் 2.2 வாட் சூடு. இரவில் லைன் 260க்கு ஏறினால் டி.சி. 350 ஆகும், சூடு 3.6 வாட். அதுவும் எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும் அதே தட்டில். ஒரு எல்.இ.டி.யை ஷார்ட் செய்தால் அதன் பங்கு வோல்டேஜும் ஐ.சி. தலையில்தான் விழும். ஷார்ட் செய்த பல்பு திரும்பி வருவது இதனால்தான். மாலையில் லைன் 180க்கு இறங்கினாலோ உச்ச வோல்டேஜே 254தான், விளக்கு மங்கும். சின்னக் கண்டன்சர் போட்ட மலிவு பல்பாக இருந்தால் விநாடிக்கு நூறு முறை துடிப்பதும் உண்டு. மொபைல் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டை ஓடும்.

பக் வகை மிச்சத்தை எரிக்காது, ஸ்விட்ச் செய்து காயிலில் ஏற்றி இறக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட் மாறுவதில்லை. இதன் பலவீனம் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருப்பது, ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 75 டிகிரியில் வைத்தால் 16,000 மணி நேரம். மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பல்பை மாட்டுகிறவர்கள் இந்த ஆயுளைத்தான் சுருக்குகிறார்கள். என் ஓட்டு பக்குக்கே. லீனியர் வேண்டுமென்றால் லைன் ஆடாத வீட்டில், காற்றோட்டமான ஹோல்டரில்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எல்.இ.டி. தட்டு லைனிலிருந்து பிரிக்கப்படவில்லை. தாமிரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய இன்சுலேஷன் படலம்தான். பிளாஸ்டிக் பல்பில் கவலையில்லை. ஈரமான வராந்தாவில், எர்த் கொடுக்காத உலோகக் கூட்டில் அந்தச் சர்க்யூட்டை நான் போடமாட்டேன். அங்கே ஃப்ளைபேக்தான்: டிரான்ஸ்பார்மர் வைத்துத் தனியாகப் பிரித்தது. விலை கூடும், திறன் பக்கைவிடக் கொஞ்சம் குறையும், போகட்டும். கடலோரம் என்றால் போர்டுக்கு வார்னிஷ் பூச்சும் வேண்டும், இல்லாவிட்டால் செம்பில் பச்சை பூக்கும்.

கடைகளுக்கும் ஃப்ளைபேக்தான், ஆனால் பவர் ஃபேக்டர் (லைனிலிருந்து கரண்டை எவ்வளவு சீராக இழுக்கிறது என்ற அளவு, முழுசு என்றால் 1) 0.9க்கு மேல் உள்ளது. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் இருநூறு பேனல் மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். மலிவு டிரைவர்கள் சைன் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை உறிஞ்சும். மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரித்தாலும் மூன்றாவது ஹார்மானிக், அதாவது அந்தக் கரண்டில் கலந்திருக்கும் 150 ஹெர்ட்ஸ் பகுதி, நியூட்ரலில் கழியாது, கூடும், ஒயர் சுடும். காலையில் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் போட்டால் கண்டன்சர்கள் ஒன்றாக இழுத்து, கரண்ட் கூடினால் தானே விழும் ஸ்விட்சான எம்.சி.பி.யைத் தட்டிவிடும். வரிசை வரிசையாகப் பிரியுங்கள், இப்படிச் சட்டென்று வரும் இழுப்பைக் கொஞ்சம் பொறுக்கும் சி வகை எம்.சி.பி. போடுங்கள்.

இடிக்கு வருவோம். வாசலில் நிற்கும் காவல்காரன் எம்.ஓ.வி. என்ற நீலவட்டு, வோல்டேஜ் அளவு மீறினால் கரண்டைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். 7 மில்லிமீட்டரைவிட 14 மில்லிமீட்டர் அதிகம் தாங்கும். மேலே 471 என்றிருந்தால் 300 வோல்ட் ஏ.சி. வரைக்கும் சும்மா இருக்கும், 561 என்றால் 350. மட்டை விழுந்து நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரலாம், அப்போது 471 நிமிடத்தில் கருகும். 561ம் அதிக நேரம் தாங்காது, அதனால் முன்னால் ஃபியூஸ் இல்லாத எம்.ஓ.வி. பாதி வேலைதான்.

அப்புறம் பேனல் லைட்டில் டிரைவர் தனிப் பெட்டியாக வருவது பெரிய வசதி, இடி அடித்தால் பெட்டியை மட்டும் மாற்றலாம். மாற்றும்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள், மில்லி ஆம்பியரைப் பாருங்கள். 300 போட்ட பேனலுக்கு 450 கொடுத்தால் முதல் வாரம் பளிச்சென்றிருக்கும். பிறகு அந்தப் பேனலும் கரும்புள்ளியோடு என் மேஜைக்கு வரும்.