காயாத கார் பெயிண்டுக்கு அகச்சிவப்பு விளக்கு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வீட்டிலேயே கம்ப்ரசர் வைத்து வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு வரும் பெரிய தொல்லை, மேலே பளபளவென்று தெரியும் பெயிண்ட் வாரக்கணக்கில் உள்ளே இளகியே இருப்பதுதான். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். போர்த்திய துணியின் இழை பதிந்துவிடும். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் தாள் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். மைத்துனர் தம் பழைய மாருதி 800-க்கு மழைக்காலத்தில் அடித்த டூ-கே பெயிண்ட் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) இந்த நிலையில் நின்றதால், இரண்டு குழாய்களும் ஸ்டாண்டும் கொண்ட 2,000 வாட் அகச்சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினோம்.

விளக்கின் தரத்தைச் சொல்லும் முன், பெயிண்ட் ஏன் காயவில்லை என்பதைப் பார்த்தாக வேண்டும். ஏனெனில் இதன் பயன் முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது. டூ-கே பெயிண்ட் தின்னர் ஆவியாவதால் மட்டும் இறுகுவதில்லை. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் பெயிண்டின் பிசினோடு வினைபுரிந்து பின்னல்போல் இணைந்தால்தான் இறுகும். இடைவெளி விடாமல் கனமாக அடித்ததால் தின்னர் உள்ளே சிக்கியிருந்தாலோ, குளிரால் வினை மந்தப்பட்டிருந்தாலோ வெப்பம் அதைச் சரிசெய்யும். ஹார்ட்னரே குறைவாகச் சேர்ந்திருந்தால், அல்லது மூடி திறந்து கிடந்த டப்பாவில் ஈரக்காற்று புகுந்து அது வலுவிழந்திருந்தால், எந்த விளக்கும் உதவாது. மேலே ஹார்ட்னர் கலந்த கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்தால் கீழே உள்ளதும் இறுகிவிடும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். இளகிய அடித்தளத்தின் மேல் கெட்டியான படலம் நாளடைவில் சுருங்கவோ வெடிக்கவோ செய்யும்.

வெப்பத்தால் சரியாகும் பெயிண்டையும் ஹார்ட்னர் குறைந்த பெயிண்டையும் பிரித்தறிய, வெள்ளைத் துணியில் சிறிது தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்துப் பார்க்கலாம். பெயிண்ட் கரைந்து துணியில் தாராளமாக ஒட்டினால் பின்னல் உருவாகவில்லை என்று பொருள். ஹார்ட்னர் கலக்காத என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் எவ்வளவு காய்ந்தாலும் தின்னரில் கரையும் என்பதால், அதற்கு இந்தச் சோதனை செல்லாது. எங்கள் வண்டியின் பானெட்டிலும் கூரையிலும் சாயம் லேசாக மட்டுமே பட்டது. ஒரு பின்கதவில் மட்டும் துணி முழுக்க நிறமானது.

பானெட்டில் விளக்கு நன்றாகவே வேலை செய்தது. முக்கால் மீட்டர் தள்ளி வைத்து மெதுவாகச் சூடேற்றி, தகடு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸை எட்டியபின் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தோம். ஆறியபின் நகம் இறங்கவில்லை. மறுநாள் வாட்டர் பேப்பரில் ஈரமான பசைக்குப் பதில் வெண்பொடி வந்தது. எடுத்தவுடன் கிட்டே வைத்துச் சூடேற்றினால் மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் தின்னர் ஊசித்துளைகளாக வெடித்து வெளியேறும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்கும்போது விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பளபளப்பில் பட்டுத் திரும்பும் கதிரும் சேர்ந்து தவறான அளவு காட்டும்.

குறைகளும் உண்டு. நடுப்பகுதி சீக்கிரம் சூடாகி ஓரங்கள் பின்தங்குவதால், பானெட்டைப் பகுதி பகுதியாகவே செய்ய வேண்டியிருந்தது. ஸ்டாண்டின் திருகு சூட்டில் தளர்ந்து தலை மெல்லச் சரிகிறது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பருக்கு இதைக் காட்டவே எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுப்பதால் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. புதிதாக அடித்து தின்னர் வாடை நிறைந்திருக்கும் மூடிய ஷெட்டில் ஏற்றுவது தீயை விருந்துக்கு அழைப்பதுதான்.

பின்கதவை விளக்கு காப்பாற்றவில்லை. சூட்டில் இன்னும் இளகியது; ஆறியதும் பழையபடி நகம் இறங்கியது. அதைச் சுரண்டி எடுத்துத் தகடு வரை இறங்கி, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்கினோம். பாதி காய்ந்த டூ-கேயைச் சுரண்டும்போதும் கையுறையும் முகமூடியும் கட்டாயம். வினைபுரியாத ஐசோசயனேட் மிச்சமிருந்தால் அது தோலையும் நுரையீரலையும் பாதிக்கும். ஒரே ஒரு வண்டிக்காக இந்த விளக்கை வாங்குவது கட்டுபடியாகாது. தெரிந்த பட்டறையில் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.