கரண்ட் போய் வந்தால் தெரியும்: ஐஸ்கஸி சாப் பூட்டு, நான்கு வருடத்துக்குப் பின்

கிளிநொச்சியில் இரண்டு டெபியன் சேர்வர்களும் லினக்ஸில் ஓடும் ஒரு ஸ்ரோறேஜ் பெட்டியும் நான்கு வருடமாக ஐஸ்கஸியில் (iSCSI, வேறு பெட்டியின் டிஸ்க்கை நெற்வேர்க் வழியே சொந்த டிஸ்க்போலப் பாவிக்கும் முறை) இணைந்து ஓடுகின்றன. நடுவில் நிற்பது சாப் (CHAP) கடவுச்சொல், சேர்வர் ஸ்ரோறேஜுக்குள் நுழையும்போது தான் யாரென்று காட்டும் சாவி. அதைப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் பிழையாகப் போட்டதை அமைப்பு அன்றே சொல்லாது, அடுத்த முறை கரண்ட் போய் வரும்போதுதான் சொல்லும். கார்த்திகை மாரியில் இடிமின்னலோடு வெட்டி வெட்டி வரும் கரண்டுக்கு இந்தக் குணம் மிகவும் ஆபத்தானது.

காரணம் எளிது. சாப் பார்ப்பது உள்நுழையும் கணத்தில் மட்டும். உள்ளே போன செஷன் (தொடர்பு), நீங்கள் இரு பக்கமும் கடவுச்சொல்லை மாற்றினாலும் பழையபடி ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லாம் சரி என்று நினைத்திருப்பீர்கள். யூபிஎஸ் தீர்ந்து சேர்வர் மறுபடி எழும்பும்போது பிழை எண் 24 (உள்நுழைவு மறுக்கப்பட்டது) வரும், டிஸ்க் வராது. வவுனியாவிலிருந்து ஆள் ஏ-9 வழியே வந்து சேரும்வரை வேலை நின்றுவிடும்.

அதிகம் பேர் மாட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. சேர்வரில் ஐஸ்கஸிடி கொன்ஃபிக் (iscsid.conf) கோப்பில் கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். அந்தக் கோப்பு, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ரார்கெற்றுகளுக்கு (ஸ்ரோறேஜ் பக்கம் டிஸ்க் தரும் வாசல்கள்) மட்டும்தான். ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றுக்கு நோட்ஸ் என்ற ஃபோல்டரில் தனிப் பதிவு இருக்கும். டெபியனில் அது ஈரிசியின் கீழ் ஐஸ்கஸிக்குள் (/etc/iscsi) கிடக்கும். அதில் பழைய கடவுச்சொல் அப்படியே இருக்கும். ஐஸ்கஸிஅட்மின் (iscsiadm) கட்டளையால் அந்தப் பதிவையே அப்டேற் செய்யுங்கள், அல்லது அழித்துவிட்டு மறுபடி டிஸ்கவரி (ரார்கெற்றைத் தேடும் வேலை) ஓடவிடுங்கள். பிறகு டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, லொக்அவுட் செய்து, அங்கேயே நின்று லொகின் செய்து பாருங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் மாற்றத்தைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

ஸ்ரோறேஜ் பக்கம் இதற்கான கருவி ரார்கெற்சிஎல்ஐ (targetcli). சேர்வரின் ஐக்யூஎன் (IQN, ஐஸ்கஸியில் அதன் தனிப் பெயர்) பெயருக்கு ஏசிஎல் (ACL, அனுமதிப் பதிவு) உண்டாக்கி, அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் பூட்டு விழுந்துவிட்டதாகத் தோன்றும். ரார்கெற்றின் கீழுள்ள ரிபிஜி (TPG) வரியில் ‘நோ-ஆத்’ (no-auth) என்று இன்னும் இருந்தால் பூட்டு விழவில்லை. அந்த ரிபிஜியின் ஒதென்ரிகேஷன் (authentication) மதிப்பை 1 ஆக்க வேண்டும். கடவுச்சொல்லே கொடுக்காமல் ஒருமுறை லொகின் செய்து பாருங்கள். அது தோற்க வேண்டும். ஒரு சேர்வரைக் குளோன் பண்ணி மற்றதை எழுப்பியிருந்தால் இரண்டுக்கும் ஐக்யூஎன் ஒன்றாகவே இருக்கும், முதலில் அதை மாற்றுங்கள்.

கடவுச்சொல் நீளத்தை 16 எழுத்தாகவே வையுங்கள், ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும். லினக்ஸ் அதைவிட நீளமானதையும் ஏற்கும், ஆனால் விண்டோஸ் இனிஷியேற்றர் (ஸ்ரோறேஜுக்குள் நுழையும் சேர்வர் பக்க மென்பொருள்) 12 முதல் 16 வரைதான் ஏற்கும். பின்னாளில் ஒரு விண்டோஸ் சேர்வர் வந்து சேர்ந்தால் நிம்மதி. இருவழிச் சாப் (ஸ்ரோறேஜும் சேர்வருக்குத் தான் யாரென்று காட்டுவது) போடுவதானால் போக ஒரு சொல், வர வேறு சொல். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது ஐஸ்கஸி விதி.

கரண்ட் வந்ததும் சேர்வர் முந்தி எழும்பும், ஸ்ரோறேஜ் ஆறுதலாக வரும். இயல்பில் ஒரு முயற்சிக்கு 15 செக்கன், 8 முயற்சி, ஆக 120 செக்கனோடு சேர்வர் கைவிட்டுவிடும். முயற்சியை 30 ஆக்கினால் 450 செக்கன் காத்திருக்கும். எஃப்எஸ்ராப் (fstab, எழும்பும்போது மவுண்ட் செய்யும் டிஸ்க்குகளின் பட்டியல்) வரியில் ‘_நெட்டெவ்’ (_netdev) கட்டாயம், நெற்வேர்க் வந்த பிறகே டிஸ்க்கைத் தேடச் சொல்வது அது.

சாப் வாசலை மட்டும் காக்கும், ஓடும் தரவை மறைக்காது. ஐஸ்கஸியின் 3260 போர்ட் ஓடும் வயரைத் தனி வீலானில் (VLAN, பிரித்து வைத்த நெற்வேர்க்) போடுங்கள், அலுவலக வைஃபையோடு கலக்க விடாதீர்கள். கடவுச்சொல் இரு பக்கமும் வெற்றெழுத்தாகவே கோப்பில் கிடக்கிறது. பக்கப் எடுத்த பென்டிரைவ் மேசையில் கிடந்தால் சாவியும் அங்கேதான் கிடக்கிறது.