பொஸ்பரஸ் தூள் என்று சுண்ணாம்பைத் தலையில் கட்டுகிறார்கள்: மாடு வளர்க்கிற ஆட்கள் கவனம்

வன்னியில் கறவை மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும், முக்கியமாக மல்லாவி, துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். பட்டா வாகனத்தில் வீடு வீடாக வந்து வெள்ளைத் தூள் ஒன்றை விற்கிறார்கள். பையில் கறுப்பு வெள்ளை மாட்டின் படம், அதன் மடி தரையைத் தொடும். பால் கூடும், சினை தங்கும், கன்றுக்கு எலும்பு பலக்கும் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறார்கள். தூளின் பெயரை நான் எழுதவில்லை. அடுத்த போகத்துக்கு இதே தூள் வேறு பெயரில், வேறு படத்தோடு வரும். அதனால் பெயரைவிட, அவர்கள் கதைக்கிற விதத்தைத் தெரிந்து வைத்திருப்பதுதான் பிரயோசனம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் நல்லாப் படித்த தம்பி மாதிரித்தான் இருந்தார். மாட்டுக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார், தவிட்டு வாளியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அக்கா, நீங்கள் தவிட்டுக்குக் கொட்டுற காசு முழுக்க வீண். தவிட்டில பொஸ்பரஸ் இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது பூட்டுப் போட்ட பொஸ்பரஸ். வயித்தில சேராது, சாணியோட போயிடும். இந்தத் தூளில ஒரு கைப்பிடி வையுங்கோ, தவிட்டை அரைவாசியாக்குங்கோ. மிச்சக் காசு உங்கட கையில.”

நான் ஒன்றும் கேட்காமல் வாங்கவில்லை. இது டீசிபியா, அதாவது மாட்டுக்குப் பொஸ்பரஸுக்காக வைக்கிற டைகல்சியம் பொஸ்பேற்றா என்று கேட்டேன். “அதைவிடத் திறம்” என்றார். கால்நடை வைத்தியருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர்களுக்கும் இதைத்தான் கொடுக்கிறோம் என்றார். பில் கேட்டேன். கம்பனியின் பெயரோ விலாசமோ இல்லாத ஒரு துண்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது.

வெட்டு முடிந்த காலம். வயலில் தாளும் வீட்டில் வைக்கோலும்தான் மாட்டுக்கு முக்கிய சாப்பாடு. சொன்னபடி தவிட்டைக் குறைத்துத் தூளை வைத்தோம். முதலில் பால் குறைந்தது. கன்று போட்ட ஜேர்சிக் கலப்பு மாடு அசை போடுவதைக்கூடச் சோம்பலாகச் செய்தது. பிறகு கண்டதையும் சப்பத் தொடங்கின. நாகு கொடியில் காய்ந்த சீலையின் கரையை மென்றது. வேலித் தடியின் பட்டையை உரித்துத் தின்றன. ஒருநாள் கொட்டிலுக்குள் நொறுக் நொறுக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அந்த ஜேர்சி வாயின் ஒரு பக்கத்தால் எதையோ ஒதுக்கி ஒதுக்கிக் கடிக்கிறது, வாய்நீர் நூல் நூலாக வடிகிறது. கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்தேன். என் பெருவிரல் நீளத்தில் ஒரு எலும்புத் துண்டு, ஒரு பக்கம் மாவாகத் தேய்ந்திருந்தது. எடுத்த எலும்பைத் திரும்பப் பறிக்கத் தலையை நீட்டியது.

தூள் தந்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “அளவு காணாது அக்கா, இரண்டு கைப்பிடியாக்குங்கோ. மற்றப் பையையும் அனுப்பி விடட்டோ?” என்றார். எனக்கு அந்தக் காசைவிட இந்தப் பதில்தான் இன்றுவரை எரிகிறது. எலும்பு தின்கிற மாடு என்றால் அதற்குப் பொஸ்பரஸ் குறை என்று இந்த வியாபாரம் செய்கிற ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது.

கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லி டொக்டர் வந்தார். அவர் தூளைப் பற்றி முதலில் கேட்கவில்லை. “எதைக் குறைச்சனீங்கள்?” என்றுதான் கேட்டார். தவிடு என்றதும் தலையை ஆட்டினார். பிறகு பையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வாசித்தார். “இதில பொஸ்பரஸ் எத்தனை வீதம் எண்டு எங்க அம்மா போட்டிருக்கு?” எங்கும் இல்லை. ‘கல்சியம் பொஸ்பரஸ் நிறைந்தது’ என்ற வசனம் இருக்கிறது, எண் ஒன்றுமில்லை. பதிவு இலக்கம் இல்லை, தயாரித்த திகதியும் இல்லை.

தேசிக்காய் கேட்டார். ஒரு சோசரில் எங்கள் தூள், மற்றதில் அவர் வாகனத்தில் இருந்த டீசிபி. இரண்டிலும் தேசிக்காய்ப் புளி விட்டார். டீசிபி ஈரமானது, அவ்வளவுதான். எங்களுடையது சர்ரென்று நுரைத்துச் சோசர் விளிம்புவரை வந்தது. சுண்ணாம்புக்கல்லோ சிப்பியோ அரைத்த தூள். இரண்டுமே கல்சியம் காபனேற்று. அதில் கல்சியம் ஏறக்குறைய 38 வீதம், பொஸ்பரஸ் இல்லையென்றே சொல்லலாம். டீசிபியில் பொஸ்பரஸ் கிட்டத்தட்ட 18 வீதம் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு கவனம் வேண்டும். நல்ல கனியுப்புக் கலவைகளிலும் கல்சியத்துக்காகக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்கள், அதுவும் நுரைக்கும். ஆகவே நுரைத்ததெல்லாம் கள்ளச் சாமான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தனி டீசிபி என்றோ பொஸ்பரஸ் தூள் என்றோ விற்றது பொங்கி வழிந்தால்தான் சந்தேகம். முடிவாகச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். பேராதனை கன்னொருவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் தீவன மாதிரி பரிசோதிக்கிறார்கள். எப்படி அனுப்புவது என்று உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போது அந்தத் தம்பியின் பூட்டுக் கதைக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை, அதுதான் கெட்டித்தனம். தவிட்டிலும் தானியத்திலும் உள்ள பொஸ்பரஸில் பெரும்பகுதி பைற்றேற்று என்ற வடிவில் கட்டுப்பட்டு இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அந்தக் கட்டை அவிழ்க்கிற நொதியம் போதாது. அதனால்தான் கோழித் தீவனத்தில் டீசிபியோ பைற்றேஸ் நொதியமோ சேர்க்கிறார்கள். மாட்டின் சங்கதி வேறு. மாடும் எருமையும் ஆடும் அசை போடுகிற பிராணிகள். முதல் வயிற்றில் வாழுகிற நுண்ணுயிர்கள் அந்த நொதியத்தைத் தாங்களே சுரந்து கட்டை அவிழ்த்துவிடும். கோழியைப் பற்றிய உண்மையை மாட்டின் முதுகில் ஏற்றி விற்றிருக்கிறார்கள். கேட்கிறவருக்குப் படித்த கதை மாதிரியே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் பாலோடு மாட்டின் உடம்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிராம் பொஸ்பரஸ் வெளியே போகிறது. உடம்புக்குத் தேவையானது அதற்கு மேலே. ஒரு கிலோ வைக்கோலில் இருப்பது ஒரு கிராம் அளவுதான். நல்ல தவிடு ஒரு கிலோவில் 15 கிராம் அளவு. எள்ளுப் புண்ணாக்கும் இதில் கெட்டி, கிலோவுக்கு 12 கிராம் கிட்ட. தேங்காய்ப் புண்ணாக்கு அதில் பாதி. ஆக, வைக்கோல் தின்கிற மாட்டுக்குப் பொஸ்பரஸ் வருகிற பெரிய வழியே தவிடுதான். அதை அடைத்துவிட்டுச் சுண்ணாம்பை ஊட்டினால் மாடு தன் எலும்பில் இருப்பதைக் கரைத்துப் பால் தரும். உடம்பிலுள்ள பொஸ்பரஸில் ஏறக்குறைய 80 வீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. பொஸ்பரஸ் ஏற்கெனவே குறைவாக இருக்கும்போது கல்சியத்தை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். “இரண்டு கைப்பிடியாக்குங்கோ” என்ற ஆலோசனையின் லட்சணம் இதுதான்.

எலும்பு தின்பதை விளையாட்டாக எடுக்காதீர்கள். செத்த பிராணியின் எலும்பில் ஒட்டியிருக்கிற அழுகலில் பொட்டுலிசம் நஞ்சு இருக்கலாம், அது மாட்டை முடக்கிச் சாகடிக்கும். தென்னாபிரிக்காவில் கூட்டம் கூட்டமாக மாடுகள் இப்படிச் செத்தபோது, மேய்ச்சலில் பொஸ்பரஸ் இல்லாததால் அவை எலும்பைத் தேடித் தின்கின்றன என்பதை ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை விஞ்ஞானி நூறு வருடத்துக்கு முன்னமே காட்டிவிட்டார். காட்டுக் கரையில் பட்டி அடைக்கிறவர்கள் எலும்பு கண்டால் ஆழமாகத் தாட்டுவிடுங்கள். இன்னொன்று, கன்று போட்டுச் சில கிழமைக்குள் மாடு சிவப்பாக மூத்திரம் பெய்தால் பொஸ்பரஸ் குறைவாலும் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாலும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நீங்களே முடிவு கட்டாமல் டொக்டரைக் கூப்பிடுங்கள்.

டொக்டர் சொன்னபடி தவிட்டைப் பழைய அளவுக்கு ஏற்றினோம், கொஞ்சக் காலத்துக்கு உண்மையான டீசிபியும் வைத்தோம். எலும்பு சப்புவது உடனே நிற்கவில்லை, மெல்ல மெல்லத்தான் விட்டது. பால் ஓரளவு திரும்பியது. நாகு பருவத்துக்கு வரப் பிந்தியது. அந்தப் பிந்தலின் நட்டத்தை எந்தப் பில்லில் எழுதுவது?

தவிடு என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. சில மில்களில் உமியை அரைத்துத் தவிட்டோடு கலந்து தருகிறார்கள். உமியில் பொஸ்பரஸ் இல்லாத குறை, பெரும்பாலும் நாரும் சிலிக்காவும்தான். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமி மேலே மிதக்கும். கைக்குள் வைத்துப் பொத்தினால் நல்ல தவிடு எண்ணெய்ப் பசையோடு ஒட்டி நிற்கும். உமி கலந்தது சொரசொரவென்று உதிரும். வேறொரு ஊரில் எப்பாவல பொஸ்பேற்று உரத்தையே மாட்டுக்குக் கரைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்வி. அது தென்னைக்கும் தேயிலைக்கும் போடுகிற பாறைத் தூள். அதில் உள்ள புளோரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உரக்கடைச் சாமானை வாளிக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

அதற்காகப் பொஸ்பரஸ் நல்லதென்று எல்லாவற்றுக்கும் அள்ளிப் போடுவதும் சரியில்லை. கிடாய் ஆட்டுக்கு, அதுவும் விதை அடித்து நலம் போட்டதற்கு, தவிட்டை மட்டும் குவித்து வைத்தால் மூத்திரப் பாதையில் கல் அடைக்கும். அங்கே கல்சியம்தான் குறை. இப்பில் இப்பில், கிளிரிசீடியா குழைகளில் கல்சியம் தாராளம், அதை வெட்டிப் போடுங்கள். மாட்டுக்கும் தவிட்டோடு குழை சேர்ந்தால் இரண்டும் சமப்படும்.

பையோடு அந்த ஆளைப் பிடித்துக் கேட்டேன். அவர் முதலில் “கம்பனி மாத்தி அனுப்பிட்டுது” என்றார், பிறகு “உங்கட மாட்டுக்கு வேற வருத்தம்” என்றார், பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை. சிப்பித் தூளைச் சிப்பித் தூள் என்றே முட்டைக் கோழிக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம், விலையும் மலிவு. டீசிபி விலையில் விற்றதுதான் களவு.

வாங்குகிறவர்கள் பையில் பொஸ்பரஸ் வீதம் எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் வாகனத்தை வந்த வழியே அனுப்பிவிடுங்கள். 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தீவனச் சட்டம் இருக்கிறது, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். ஏற்கெனவே இந்தத் தூளை வாங்கியவர்கள் பையையும், எவ்வளவு கேவலமான துண்டாக இருந்தாலும் அந்தப் பில்லையும் எறிந்துவிடாதீர்கள். மிச்சத் தூளில் கொஞ்சத்தைப் பையோடு கட்டி வைத்திருங்கள். நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்; இன்னும் நாலு பேர் எழுதினால்தான் அதிகாரிகள் வாகனத்தை மறிப்பார்கள்.