காலையில் மட்டும் மிஸ்ஸாகும் எஞ்சின்: என்னிடம் 23,700 ரூபாய் பிடுங்கிய விதம்

கோத்தகிரியில் இருக்கிறேன். 2014 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். போன டிசம்பரில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் சாவி போட்டதும் வண்டி முழுக்க உதறும், செக் எஞ்சின் லைட் மினுக்கும். மூன்று நிமிடம் ஓடினால் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். அப்பாவைக் கண் சிகிச்சைக்காக விடியற்காலையில் கோவைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்த நேரம் அது. பயந்துபோய் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்கிப் போன வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடாகி, கோளாறே இல்லாமல் நின்றது. அந்த நிலையில் ஸ்கேனர் மாட்டி, பி0303 என்று கோளாறுக் குறியீடு (கோடு) வந்ததைக் காட்டி, "நாலு காயிலும் போச்சு சார்" என்றார்கள். காயில் என்றால் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று. காயில் நாலுக்கு 9,600, பிளக் 1,400, இன்ஜெக்டர் கிளீனிங் 2,800, த்ராட்டில் கிளீனிங் 900, கூலி 1,800. மொத்தம் 16,500. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டு. பழைய காயில்களைக் கேட்டேன், "குப்பையில போட்டுட்டோம்" என்றார்கள்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர், அதாவது அதில் மட்டும் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டிப் பார்த்தாலே போதும். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி; மாறாவிட்டால் காயில் நல்லது. பத்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. அதைக்கூடச் செய்யாமல் நாலையும் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள்.

மறுநாள் காலை அதே உதறல். திரும்பப் போனேன். இந்த முறை பெட்ரோல் பம்ப், 7,200. பம்ப் வலுவில்லாமல் போயிருந்தால் நாலு சிலிண்டருக்கும் பெட்ரோல் குறையும், ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போதுதான் முதலில் தெரியும். என் வண்டி திணறாமல் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. மூன்றாம் முறை போனபோது ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 35,000 ஆகும் என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் ஊரிலேயே வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கேட்ட உடனே சொன்னார்: "வண்டிய நைட்டு இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலையில நான்தான் முதல்ல சாவி போடணும்."

காலையில் நானும் கூட நின்றேன். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்த்தார்: கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 10 டிகிரி, உள்ளே போகும் காற்று 9 டிகிரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம். கூலண்ட் மட்டும் 40 என்று காட்டினால் சென்சார் கெட்டிருக்கும். எஞ்சின் ஏற்கெனவே சூடு என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடும். கூலண்ட் குறைந்திருக்கிறதா, ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வருகிறதா என்றும் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கு மேலே உள்ள மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு) கசிந்து ராத்திரியில் சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கினாலும் இதே மாதிரிதான் உதறுமாம். அதுவும் இல்லை.

வண்டி உதறிக்கொண்டிருக்கும்போதே இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) எஞ்சினோடு சேரும் இணைப்பில், மூன்றாவது சிலிண்டர் பக்கம், கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடித்தார். உதறல் சட்டென்று நின்றது. அங்கே இருந்த கசிவு வழியாக அந்தத் திரவம் உள்ளே போய் எரிந்து, கூடுதல் காற்றால் வந்த பெட்ரோல் பற்றாக்குறையை ஈடுகட்டியது. எஞ்சின் சூடான பிறகு அடித்தபோது எந்த மாற்றமும் இல்லை. (தீப்பிடிக்கும் திரவம், பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடாதீர்கள்.) அந்த இணைப்பின் ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போயிருந்தது. குளிரில் சுருங்கி அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதல் காற்றை விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். கேஸ்கெட் 420, கூலி 1,200. அதோடு சரியாகிவிட்டது.

அவர் மேனிஃபோல்டைக் கழற்றும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாவது காயிலின் கனெக்டர் லாக் போன வருடம் என் கையால் உடைந்து, சிவப்பு டேக் (கேபிள் டை) போட்டு அந்தக் காயிலோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அந்த டேக் அறுபடாமல் அப்படியே இருந்தது. அந்தக் காயிலை அவர்கள் மாற்றவே இல்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் துண்டுச்சீட்டையும் பணம் அனுப்பிய ஜிபே விவரத்தையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். குளிரில் மட்டும் உதறும் வண்டியை யாராவது சூடாக இருக்கும்போதே பார்த்து விலை சொன்னால், ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.